சருகுமானும் பறக்கும் நாகமும்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். வரலாறு என்றதும் பரமேஸ்வரா, ஹங் துவா, ஜப்பான்காரன் காலம் என்று எழுதுவதுதான் வழக்கம். அவற்றைப் பாடப் புத்தகத்திலேயே பிள்ளைகள் போதுமான அளவு படித்துவிடுகிறார்கள். ஆகவே நான் எடுத்துக்கொண்டது கார்ட்டூன் படத்தின் வரலாறு. "கார்ட்டூனுக்கும் சரித்திரமா சார்?" என்று சிரிக்க வேண்டாம். நம் வீடுகளில் தினந்தோறும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். சோறு ஊட்டுகிற நேரம், தாய்மார்கள் சமைக்கிற நேரம், அப்பா இரண்டாவது வேலைக்குப் போயிருக்கிற நேரம், எல்லா நேரமும் பிள்ளைகளுக்குத் துணை அந்தப் படங்கள்தான். அவற்றை யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள், எந்த மண்ணின் மேல் உட்கார்ந்து செய்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

பிள்ளைகளுக்கு இப்போது பிடித்த படங்களில் ஒன்று டிராகன் படம். சீனப் பெருநாளில் கடல்நாகம் ஆடி வருமே, அந்த இனம்தான். ஆனால் இது வெள்ளைக்காரன் கதையில் வரும் இறக்கை முளைத்த நாகம். பிரிட்டனைச் சேர்ந்த கிரெசிடா கௌவெல் என்ற அம்மையார் 2003-ஆம் ஆண்டு முதல் எழுதிய புத்தகங்களை வைத்து அமெரிக்காவின் டிரீம்ஒர்க்ஸ் நிறுவனம் மூன்று பெரிய படங்கள் செய்தது. முதற்படம் 2010-இலும் இரண்டாவது 2014-இலும் வந்தன. மூன்றாவதும் கடைசியுமான படம் 2019-இல் வந்தது. அந்த மூன்றாம் படத்திற்கு மட்டும் ஏறத்தாழ 13 கோடி அமெரிக்க டாலர் செலவு. வெளிவந்து இத்தனை ஆண்டு ஆகியும் பிள்ளைகள் விட்டபாடில்லை. கதைக் கட்டுரை எழுதச் சொன்னால் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாதிப் பேர் டிராகன் மேல் ஏறிப் பறக்கிறார்கள். 2025-இல் ஆட்கள் நடித்த படமாகவும் அதே கதை வந்துவிட்டதால் இனி இந்த ஆசை தீரப்போவதும் இல்லை.

பார்க்காத பெரியவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்க் என்பது கடலுக்கு நடுவே ஒரு தீவு. அங்குள்ள மக்களுக்கும் டிராகன்களுக்கும் பரம்பரைப் பகை. தலைவரின் மகன் ஹிக்கப், எலும்பும் தோலுமான பையன். அவன் ஒரு கரிய டிராகனை வீழ்த்துகிறான். ஆனால் கொல்ல மனம் வரவில்லை. அதன் வாலில் ஒரு பக்கத்துத் துடுப்பு போய்விட்டபடியால் அதற்குப் பறக்க முடியவில்லை. பையன் தோலும் இரும்பும் வைத்துச் செயற்கைத் துடுப்பு செய்து மாட்டுகிறான். அந்தப் படத்தின் முடிவில் சண்டையில் பையனுக்கும் ஒரு கால் போய்விடுகிறது. ஆக, இரண்டு பேருக்கும் ஒவ்வோர் உறுப்பு குறை. ஒருவரில்லாமல் மற்றவர் பறக்க முடியாது. இப்படி ஆரம்பித்த கதை கடைசிப் படத்தில் எங்கே போய் முடிகிறது தெரியுமா? டிராகன்களைத் தேடி வேட்டைக்காரர்கள் வருகிறார்கள். தீவில் இனி வாழ முடியாது என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் தேடிப் புறப்படுகிறது. கடைசியில் மனிதர்களோடு இருந்தால் இவற்றுக்கு ஆபத்துதான் என்று கண்டு, ஹிக்கப் தன் டிராகனை அதன் சொந்த உலகத்துக்கே போகவிட்டு விடுகிறான். அந்த இடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் அழுததாகச் சொல்கிறார்கள். ஊரைக் காலி செய்துகொண்டு போகும் காட்சியைப் பார்த்துத் தோட்டத்துப் பெரியவர்களும் கொஞ்சம் கண் கலங்கலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் படம் ஆஸ்கார் பரிசுக்குப் போனது. 2019-ஆம் ஆண்டின் சிறந்த கார்ட்டூன் படத்துக்கான போட்டிப் பட்டியலில் உலகெங்கிலுமிருந்து 32 படங்கள். டிராகன் படம் அதில் கடைசி ஐந்துக்குள் வந்தது. 2020 பிப்ரவரியில் பரிசைத் தட்டிக்கொண்டு போனது பொம்மைகளின் கதையான டாய் ஸ்டோரியின் நான்காம் படம். அது கிடக்கட்டும். அந்த 32-இல் நம் நாட்டுப் படம் ஒன்றும் இருந்தது! 'உப்பின் & இப்பின்: கெரிஸ் சியாமாங் துங்கால்' என்பது அதன் பெயர். ஷா ஆலத்தில் இருக்கும் லெஸ் கொபாக் நிறுவனம் தயாரித்தது. கிள்ளானிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரில் செய்த கார்ட்டூன், அமெரிக்காக்காரனின் டிராகனோடு ஒரே பட்டியலில் பெயர் பதித்தது என்றால் சும்மாவா?

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதே நான் சொல்ல வந்த வரலாறு.

போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின், 1946-இல் மலாயா பிலிம் யூனிட் என்ற அரசாங்கப் படப்பிடிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் அதன் கூடம் பங்சார் சாலையில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரம். 1963-இல் மலேசியா உருவானதும் அதற்குப் பிலிம் நெகாரா மலேசியா என்று பெயர் மாறியது. 1965-இல் பெட்டாலிங் ஜெயாவுக்குக் குடிபோனது. செய்திப்படம், சுகாதாரப்படம், விவசாயப்படம் எல்லாம் அங்கேதான் தயாராகும். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எனப் பல மொழிகளில் பேசும்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தகவல் இலாகா வண்டி வரும் நாளை அவர்களே சொல்லுவார்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் திரை கட்டுவார்கள். லயத்துச் சனம் முழுவதும் பாயும் பலகையும் தூக்கிக்கொண்டு வந்து இடம் பிடிக்கும். முன்னால் இடம் கிடைக்காத வாண்டுகள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து படத்தைத் தலைகீழாக, அதாவது இடது கை வலது கையாகப் பார்க்கும். கொசுவை ஒழிப்பது எப்படி, கக்கூசைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்று முதலில் ஒரு பாடம். அதற்குப் பிறகுதான் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ வருவார். அந்தக் கொசுப் பாடத்தைக் காட்டிய அதே பிலிம் நெகாராவில்தான் நம் நாட்டுக் கார்ட்டூனும் பிறந்தது.

அதைப் பெற்றெடுத்தவர் பெயர் ஆனந்தம் சேவியர்.

பெயரைப் படித்த மாத்திரத்தில் நம் வீட்டுப் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா? பிலிம் நெகாராவில் படங்களுக்கு அரங்கம் அமைக்கும் வேலை பார்த்தவர் அவர். 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்', அதாவது சருகுமான் கதை என்ற சிறு சித்திரப் படத்தை அவர் 1978-இல் செய்து முடித்தார். மலேசியாவின் முதல் கார்ட்டூன் கதைப்படம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

இங்கே சற்று நின்று, ஒரு கார்ட்டூன் எப்படி உண்டாகிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். படம் அசைகிறது என்பது நம் கண் ஏமாறுவதுதான். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு மயிரிழை மாறியிருக்கும். நோட்டுப் புத்தகத்தின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளி வரைந்து, 'விர்'ரென்று புரட்டிப் பாருங்கள். பந்து துள்ளும். (கணக்கு நோட்டில் வேண்டாம். பழைய நோட்டில் செய்யுங்கள்.) அதே வித்தைதான். ஒரு நிமிடத்துக்கு 24-ஐ 60-ஆல் பெருக்கினால் 1,440 படங்கள். ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு தடவை படம் பிடித்துச் சிக்கனம் செய்தாலும் 720 சித்திரங்கள் வரைந்தாக வேண்டும். பத்து நிமிடப் படம் என்றால் 7,200. சருகுமான் காதை ஆட்டினால் ஒரு சித்திரம், தலையைத் திருப்பினால் இன்னொன்று. ஒளி புகும் தாளில் கோடு போட்டு, பின்பக்கம் வண்ணம் தீட்டி, காடும் ஆறும் வரைந்த பின்னணியின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகக் காமிராவின் கீழ் நகர்த்த வேண்டும். ஒரு தாள் கோணலாகிப் போனால் திரையில் மான் தூக்கிப்போட்ட மாதிரி குதிக்கும்.

கம்ப்யூட்டர் மேசைக்கு வராத காலம் அது. இன்று டிராகன் படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடுகின்றனவே, எத்தனை நூறு பேர்! அவ்வளவு ஆட்பலம் எதுவும் இல்லாத ஓர் அரசாங்கக் கூடத்தில், அரங்கம் அமைக்கிற ஒருவர் இத்தனை தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பால் வெட்டு வேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு மரத்துக்கு ஒரு கோடு, அடுத்த மரத்துக்கு அடுத்த கோடு. வெட்டு ஆழம் போனால் மரம் கெட்டுவிடும், மேலாகப் போனால் பால் வராது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு மரம்! அந்தப் பொறுமைதான் இதற்கும்.

சரி, ஏன் சருகுமான்? புலி, யானை எல்லாம் இருக்க, முயலைவிடச் சற்றே பெரிய இந்தப் பிராணியை ஏன் எடுக்க வேண்டும்? அதற்குக் காரணம் உண்டு. மலாய்க்காரர் கம்பத்துக் கதைகளில் சாங் கஞ்சில்தான் நாயகன். ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றிலோ முதலைகள். "உங்களை எண்ணிக் கணக்கெடுக்கச் சொல்லி ராஜாவின் உத்தரவு, வரிசையாய் நில்லுங்கள்" என்று சொல்லி, முதுகின் மேல் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக்கொண்டே தாவி அக்கரை போய்ச் சேர்ந்துவிடும். பலம் இல்லாதவன் புத்தியால் பிழைக்கும் கதை. மலாக்காவின் தோற்றக் கதையிலும் இது வருகிறது. பரமேஸ்வரா மரத்தடியில் இளைப்பாறியபோது வெள்ளைச் சருகுமான் ஒன்று வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதாம். அந்தத் துணிச்சலைக் கண்டுதான் அவர் அங்கேயே ஊர் அமைத்தாராம். 1994-இல் பெரொடுவா நிறுவனம் தன் முதல் காருக்குக் 'கஞ்சில்' என்று பெயர் வைத்ததும் இந்தக் குட்டிப் பிராணியை நினைத்துத்தான். நம் தோட்டங்களில் எத்தனை பேருக்கு முதல் கார் அது!

பேசும் மிருகங்களின் கதை நமக்கும் புதிதல்ல. பஞ்சதந்திரத்தில் குரங்கு முதலையை ஏமாற்றிக் கரை சேர்வதை மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். அந்தப் பஞ்சதந்திரம் மலாய் மொழிக்குப் போன வழிகளில் ஒன்று தமிழ். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835-இல் தமிழிலிருந்துதான் அதை மலாயில் பெயர்த்தார். ஆகவே ஆனந்தம் சேவியர் ஒரு மலாய்க் கதையைக் கையில் எடுத்தது அந்நியர் வீட்டுக்குள் நுழைந்ததாகாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே வெகுகாலமாய்த் திறந்திருந்த வேலிப்படலைத் தாண்டியதுதான்.

படம் 1978-இல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு வண்ணமும் வந்தது. நல்ல சகுனம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சருகுமான் மக்கள் பார்வைக்கு வந்தது 1983-இல். ஐந்து ஆண்டுகள்! முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்துவிடும் காலம். அவ்வளவு நாளும் அந்த மான் டப்பாவுக்குள் சுருண்டு கிடந்தது. ஆயிரக்கணக்கான சித்திரங்களைத் தீட்டி முடித்தபின் ஐந்து வருடம் காத்திருப்பது என்றால் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

வெளிவந்தபின் வழி திறந்தது. பிலிம் நெகாராவில் இருந்த ஹசான் அப்துல் முத்தாலிப் அடுத்தடுத்துப் படங்கள் செய்தார். 1984-இல் சருகுமானும் குரங்கும், 1985-இல் புத்திசாலிக் காக்கை, 1986-இல் கர்வம் பிடித்த முயல், 1987-இல் சருகுமானும் முதலையும். மலேசியக் கார்ட்டூனின் தந்தை என்று இன்று அவரைத்தான் அழைக்கிறார்கள். தகுதியானவர்தான். வரைந்தது மட்டுமல்லாமல் இந்தக் கலையின் வரலாற்றை எழுதியும் வைத்தார். ஆனந்தம் சேவியரின் பெயர் அடியோடு மறைந்து போகாததற்கு அதுவும் ஒரு காரணம். எழுதி வைக்காத சரித்திரம் எப்படிப் போகும் என்று தோட்டத்துச் சனங்களாகிய நமக்குத் தெரியாதா என்ன?

1995-இல் 'ஊசோப் சொந்தோரியான்' என்ற தொடர் தொலைக்காட்சியில் வந்தது. முதல் உள்ளூர்க் கார்ட்டூன் தொடர் அது. கேலிச்சித்திரக்காரர் லாட்டின் 'கம்போங் பாய்' தொடரும் வந்தது. அதன் ஒரு பகுதி 1999-இல் பிரான்ஸ் நாட்டு அன்னெசி நகர விழாவில் பரிசு வாங்கியது. இடையில் 1998-இல் ஹசான் முத்தாலிப் 'சீலாட் லகெண்டா' என்ற முதல் முழுநீளக் கார்ட்டூனை வெளியிட்டார். ஹங் துவா கதையை இக்காலத்துக்கு மாற்றிய படம். இவற்றை விரித்து எழுத இடமில்லை.

இனி மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இதுதான் நம் பெற்றோர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

1996-இல் அரசாங்கம் மல்டிமீடியா சூப்பர் காரிடோர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்ப்யூட்டர்த் தொழில் நடக்க வேண்டும் என்பது நோக்கம். நடுவே இரண்டு புதிய நகரங்கள், புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும். அவை எங்கே எழுந்தன? தோட்டங்களில். புத்ராஜெயா இருப்பது பிராங் பெசார் தோட்டத்து மண். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் 1921-இல் காட்டை அழித்து ரப்பர் போட்ட தோட்டம் அது. பிராங் பெசார் என்றாலே பெரிய போர் என்றுதான் அர்த்தம். பெயர் வைத்தது அவர்கள். மரம் நட்டு, களை பிடுங்கி, பால் எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? நகரம் வரும் என்றதும் பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலவே ஆகிய நாலு தோட்டத்துக் குடும்பங்களும் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. கோழியும் ஆடும் வளர்த்தவர்கள், வாசலில் முருங்கை வைத்திருந்தவர்கள், மாடிப்படி ஏறிப் போனார்கள்.

டிராகன் படத்தில் ஊரே மூட்டை கட்டும் காட்சியைச் சொன்னேனே, அது இதற்காகத்தான். பெர்க் தீவுச் சனம் வேட்டைக்காரனுக்குப் பயந்து போனது. நம் சனம் எதற்குப் பயந்தும் போகவில்லை. போக வேண்டியதாயிற்று, போனார்கள். படத்தில் அவர்களுக்குத் தலைவன் ஒருவன் முன்னே பறந்து இடம் பார்க்கிறான். நமக்கு அப்படிப் பறந்து பார்க்க ஆள் இருந்தார்களா என்பதைப் பெரியவர்களே சொல்லட்டும்.

அந்தப் புதிய சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் 1999-இல் தன் வளாகத்தைத் திறந்தது. அங்கே படித்த நிசாம் ரசாக், சஃப்வான் கரீம், உசாமா சாயிட் என்ற மூன்று இளைஞர்களும், எண்ணெய்த் தொழிலிலிருந்து வந்த புர்ஹானுடின், அவர் மனைவி ஐனோன் இருவரும் சேர்ந்து 2005-இல் தொடங்கியதுதான் லெஸ் கொபாக். ஒரு முழுநீளப் படம் எடுக்க வேண்டும் என்பது ஆசை. கை பழகுவதற்காக முதலில் சின்னத் தொடர் ஒன்றைச் செய்தார்கள். 2007 நோன்பு மாதத்தில் வந்த அந்தச் சின்னத் தொடர்தான் 'உப்பின் இப்பின்'! பழகுவதற்குச் செய்தது தாயைவிடப் பெரிய பிள்ளையாகிவிட்டது. தாய் தகப்பனில்லாத இரட்டையர்கள், பாட்டி, அக்காள், துரியான் ருந்து என்ற கம்பம். "பெத்துல் பெத்துல் பெத்துல்" என்று மொட்டைத்தலையை ஆட்டினால் நம் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து ஆட்டுகிறது. மலாய்ப் பாடத்தில் நான் ஒரு மாதம் கத்தினாலும் வராத வாக்கியம் அதில் ஒரே நாளில் வந்துவிடுகிறது. இது ஆசிரியருக்குப் பெருமையா சிறுமையா தெரியவில்லை.

முதலில் நினைத்திருந்த பெரிய படம் 'கெங்' 2009 பிப்ரவரியில் வந்தது. கம்ப்யூட்டரில் செய்த நம் நாட்டின் முதல் முப்பரிமாணக் கார்ட்டூன் படம். செலவு சுமார் 40 லட்சம் வெள்ளி. வசூல் 60 லட்சத்துக்கு மேல். டிராகன் படத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது பசியாறும் காசு.

அந்தப் படத்தில் நம்மவனாக வருபவன் ராஜூ. கூடவே ஒரு மாடு. "என்ன சார், நம்ம பிள்ளைன்னா மாட்டோடதான் காட்டணுமா?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வக்கீலாகவும் டாக்டராகவும் எத்தனையோ பேர் நம்மில் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் மிருகங்களின் பேச்சு விளங்குகிற வரம் ராஜூவுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் போனால் அவனில்லாமல் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. பெர்க் தீவில் ஹிக்கப்புக்கு இருந்ததும் அதே வரம்தானே? மாடு வளர்த்தவனுக்கு மாட்டின் பாஷை தெரியும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இருந்தாலும் அந்தத் தகப்பனாரின் வருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. ராஜூவை எழுதுகிற மேசையில் நம் பிள்ளைகளும் நிறைய பேர் உட்கார்ந்தால் அவனுக்கு மாட்டோடு இன்னும் நாலு விஷயம் கிடைக்கும்.

லெஸ் கொபாக்கிலிருந்து நிசாம் பிரிந்து 2009-இல் அனிமோன்ஸ்தா நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் 'போபோய்போய்' பிறந்தான். உசாமாவும் பிரிந்து வாவ் நிறுவனத்தில் 'எஜென் அலி'யைப் படைத்தார். 2019-ஆம் ஆண்டு வந்ததே, அது ஒரு பொன்னாண்டு. மார்ச் மாதம் உப்பின் இப்பின், ஆகஸ்டில் போபோய்போயின் இரண்டாம் படம், நவம்பரில் எஜென் அலி. மூன்றும் தனித்தனியே இரண்டரைக் கோடி வெள்ளிக்கு மேல் வசூலித்தன. ஒரே மேசையில் பழகியவர்கள் மூன்று வீடாகப் பிரிந்து ஒரே ஆண்டில் மூன்று பந்தி வைத்தார்கள். அமெரிக்க டிராகன் அதே ஆண்டில் விடைபெற்றுப் போனபோது, இங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். அதிலும் உப்பின் இப்பின் படத்தின் கதையைப் பாருங்கள். ஒரு மாயக் குறுவாள் இந்தச் சிறுவர்களை இந்திரலோகா என்ற ராஜ்யத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே மலாய்ப் பழங்கதை மாந்தர்கள் எல்லாரும் உயிரோடு உலவுகிறார்கள். கோரைப்பல் ராஜாவான ராஜா பெர்சியோங் எதிரி. அடுத்தவன் வீட்டு டிராகனைத் தேடிப் போகாமல் சொந்தக் கம்பத்துக் கதையையே விரித்துப் போட்டிருக்கிறார்கள். 1978-இல் ஆனந்தம் சேவியர் செய்ததும் அதுதான்.

பெற்றோர்கள் மனத்தில் ஒரு கேள்வி நிற்கும். "வரைவது சோறு போடுமா சார்?" நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு மலேசியாவிலும் கிளை இருந்தது. புதுச்சேரிப் பையன் ஒருவன் புலியோடு கடலில் மிதக்கும் 'லைஃப் ஆப் பை' படத்தில் அந்தப் புலியைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய நிறுவனம். நம் நாட்டுக் கலைஞர்களும் அதில் வேலை செய்தார்கள். 2013 பிப்ரவரியில் அந்த வேலைக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் பரிசு வாங்குவதற்குப் பதினோரு நாள் முன்னர்தான் அந்த நிறுவனம் அமெரிக்காவில் திவாலாகி நீதிமன்றம் போயிருந்தது! பரிசும் வந்தது, வேலையும் போயிற்று. ஆகவே நிச்சயமான சம்பளம் என்று யாரிடமும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ரப்பர் விலை விழுந்தபோது நமக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்?

பிலிம் நெகாராவும் இப்போது தனியாக இல்லை. 2013-இல் பினாஸ் என்ற திரைப்பட வாரியத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் வரையக் கற்றுக்கொள்ள இன்று வழிகள் உண்டு. ஆனந்தம் சேவியருக்குக் கிடைக்காத கம்ப்யூட்டரும், கலைப் படிப்பும், கூட்டாளிகளும் கிடைக்கும். எஸ்.பி.எம். முடித்தபின் போகக்கூடிய பல இடங்களில் ஒன்று, மேலே சொன்ன மூன்று இளைஞர்களும் படித்த அதே மல்டிமீடியா பல்கலைக்கழகம். அதன் சைபர்ஜெயா வளாகத்து வாசலிலிருந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா சில மைல் தூரம்தான்.